வாய்விட்டுப் படித்த ஆறு புத்தகங்கள்

குழந்தைகளுக்கான புத்தகம் என்று ஒன்றை ஒதுக்கி வைப்பதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல புத்தகம், பையனுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று சொன்னால் கடமை தீர்ந்தது. நாவலைப் பற்றி நாம் சண்டை போட்டிருக்கிறோம். கவிதையைப் பற்றிச் சண்டை போட்டுச் சிலர் சிலரோடு பேச்சையே நிறுத்தியிருக்கிறோம். குழந்தைப் புத்தகத்தை முன்னிட்டு ஒருவரும் ஒருவரோடும் மனஸ்தாபப்பட்டதாக நினைவில்லை. ஒரு துறையில் சண்டையே இல்லை என்றால் அங்கே யாரும் அக்கறையோடு படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

உர்ஸுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசை முழுவதையும் என் மகளுக்குப் படித்துச் சொன்னேன். ஆரம்பிக்கும்போது அவளுக்கு ஒன்பது வயது. நடுவில் விட்ட இடைவெளியையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. ஆங்கிலப் புத்தகம் கையில் இருக்கும். வாயில் வருவது தமிழ். குடும்பப் பெருமை பேச இதைக் குறிப்பிடவில்லை. வாய்விட்டுப் படிப்பது ஒரு விமர்சன முறை என்பது என் கட்சி. அந்த முறைக்கு ஆட்படுத்தியபோது இந்த ஆறு புத்தகங்கள் எங்கே நின்றன, எங்கே சரிந்தன என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் விவரங்கள். 1967-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் பர்னாஸஸ் பிரஸ் என்ற சிறிய பதிப்பகத்தை நடத்தியவர், கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கு ஒரு நாவல் வேண்டும் என்று லெ குவினைக் கேட்டார். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் நரைத்த தாடியோடேயே வருகிறார்களே, அவர்கள் வாலிபத்தில் எப்படி இருந்திருப்பார்கள், எங்கே கற்றிருப்பார்கள் என்று அவர் யோசித்ததில் பிறந்தது, 1968-இல் வந்த ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’. மந்திரம் கற்பிக்கும் பள்ளிக்கூடம் என்றதும் இன்று எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1997-இல் தொடங்கிய வேறொரு வரிசை. இது அதற்கு இருபத்தொன்பது வருஷம் மூத்தது. 1971-இல் ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’, 1972-இல் ‘த ஃபார்த்தஸ்ட் ஷோர்’. மூன்றோடு முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். பதினெட்டு வருஷம் கழித்து, 1990-இல் ‘தெஹானு’. எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று அதற்கு உபதலைப்பே கொடுத்தார். அதுவும் கடைசியாக இருக்கவில்லை. 2001-இல் ஒரு கதைத் தொகுதியும் ‘தி அதர் விண்ட்’ என்ற நாவலும் வந்தன. முதல் புத்தகத்துக்கும் கடைசிப் புத்தகத்துக்கும் நடுவே முப்பத்து மூன்று வருஷம். எழுதியவருக்கு முப்பத்து மூன்று வருஷம் பிடித்ததைக் கேட்கிற குழந்தை இரண்டு வருஷத்தில் கடந்துவிடுகிறது. இந்த வித்தியாசம் முக்கியமானது, பின்னால் வருகிறேன்.

*

மௌனமாகப் படிக்கிறபோது கண் ஏமாற்றும். தேவையில்லாத வர்ணனையின் மேல் அது வழுக்கிக்கொண்டு போய்விடும்; நாம் படித்ததாகவே நினைத்துக்கொள்வோம். நாக்கு அப்படிப் போக முடியாது. ஒவ்வொரு சொல்லின் மேலும் அது கால் வைத்தாக வேண்டும். வாக்கியத்தில் சதை அதிகம் என்றால் மூச்சு வாங்கும். எழுதியவனுக்கே நம்பிக்கை இல்லாத இடத்தில் குரல் தானாகவே நாடகத்தனமாகிவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை அந்தக் கணத்தில் வேறெதையாவது கேட்கும்: தண்ணீர், நாளைக்கு என்ன கிழமை. இதைவிடக் கறாரான விமர்சகனை நான் சந்தித்ததில்லை.

லெ குவினின் வாக்கியம் காதுக்காக எழுதப்பட்டது. வீரகாவியத்தைச் சொல்கிற பாணனின் நிதானம் அதில் இருக்கிறது. முதல் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே, இந்தப் பையன் பிற்காலத்தில் டிராகன்களோடு பேசுகிற பெரிய மந்திரவாதி ஆவான், அவனைப் பற்றிப் பாட்டுகள் உண்டு, இது அந்தப் பாட்டுகள் கட்டப்படுவதற்கு முந்தைய கதை என்று சொல்லிவிடுகிறார். பிழைப்பானா மாட்டானா என்ற மலிவான பதைப்பை முதல் பக்கத்திலேயே தூக்கி எறிந்துவிடுகிற துணிச்சல் இது. தெருக்கூத்தைப் பார்க்க உட்கார்ந்திருப்பவனுக்கு துரியோதனன் சாவான் என்பது தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்காருகிறான். என்ன நடக்கும் என்பதை விட்டுவிட்டு எப்படி நடக்கிறது என்பதில் கவனம் போகிறது. அந்தக் கவனத்தைத்தான் லெ குவின் ஒரு குழந்தையிடம் கேட்கிறார். கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு நான் சாட்சி.

1973-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை மாய உலகக் கதைகளின் நடையைப் பற்றியது. சமகாலத்தில் வெளிவந்த ஒரு மாயக் கதையிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறார். பெயர்களையும் இரண்டொரு சொற்களையும் மாற்றுகிறார். வாஷிங்டன் அரசியல்வாதிகள் பேசிக்கொள்கிற சாதாரண நாவலாக அது ஆகிவிடுகிறது. இப்படி மாற்ற முடிகிறது என்றால் அங்கே மாய உலகமே இருந்திருக்கவில்லை, உடுப்பு மட்டும்தான் இருந்தது என்பது அவர் முடிவு. மாய உலகத்துக்கு எழுத்தின் நடையைத் தவிர வேறு மண் கிடையாது. நடை தளர்ந்தால் தீவே கடலில் மூழ்கிவிடும். இந்தப் பரீட்சையை நம்முடைய சரித்திர நாவல்கள் சிலவற்றுக்கு யாராவது வைத்துப் பார்க்கலாம். சோழ இளவரசனும் அவன் காதலியும் பேசிக்கொள்வதில் பெயர்களை மாற்றினால் வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் மைலாப்பூர் வீடு வந்து நிற்கும்.

*

தமிழில் சொல்லும்போது மூலம் மறைத்து வைத்திருக்கிற சில கேள்விகள் வெளியே வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் யாரும் யாரையும் ஒரே சொல்லால் அழைத்துவிடலாம். தமிழ் வாய்க்கு நீயா நீங்களா என்று அந்த க்ஷணத்தில் தீர்மானித்தாக வேண்டும். ரோக் தீவின் பள்ளியில் ஜாஸ்பர் என்ற பிரபு வீட்டுப் பையன், ஆட்டிடையனாக இருந்த கெட்டை மரியாதையாகப் பேசியே அவமானப்படுத்துகிறான். அவன் வாயில் ‘நீங்கள்’ போட்டேன். உடனே அந்த மரியாதையின் விஷம் முழுக்க இறங்கிவிட்டது. மகள், அவன் வேணும்னே நீங்கள்னு சொல்றான் என்றாள். ஆங்கிலத்தில் இதை நடையின் நுட்பத்தாலும் சூழலாலும் உணர்த்த வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரு விகுதி போதும்.

இரண்டாம் புத்தகத்தில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. ஐந்து வயதில் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டு, பெயர் பிடுங்கப்பட்டு, இருண்ட கல்லறைகளின் பூசாரிணியாக வளர்க்கப்பட்டவள் ஆர்ஹா. அந்தப் பெயருக்கே ‘தின்னப்பட்டவள்’ என்று பொருள். நிலத்தடிப் புதிர்ப்பாதைகளுக்குள் திருட வந்து சிக்கிக்கொண்டவன் கெட். அதிகாரம் அவளிடம் இருக்கிறது. அவள் நீ என்றுதான் சொல்வாள். பணிவோடு பேசுகிற கைதி நீங்கள் என்பான். ஒரு கட்டத்தில் அவன் அவளை டெனார் என்று அவளுடைய பிறந்த பெயரால் கூப்பிடுகிறான். அதற்கு மேல் நீங்கள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. பெயர் திரும்பி வந்த இடத்தில் பட்டம் போய்விட்டது. பட்டத்துக்கு உரிய மரியாதையும் போய்விட்டது. இரண்டு மனிதர்கள் இருட்டில் மிஞ்சினார்கள். மூலத்தில் இல்லாததை நான் சேர்த்தேன் என்று சொல்ல முடியாது. மூலத்தில் நடந்ததைத் தமிழ் இலக்கணம் காட்டிக் கொடுத்தது.

பெரிய சிக்கல் ‘நிழல்’. முதல் புத்தகத்தின் மையமே நிழல். ஜாஸ்பரோடு போட்டி போட்டு, இறந்துபோன ஓர் அழகியின் ஆவியைக் கெட் கூப்பிடப் போக, திறந்த பிளவின் வழியாக உருவமற்ற ஒன்று வெளியே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதன் பிறகு நாவல் முழுக்க அது அவனைத் துரத்துகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே குளிரக் கூடியது. வெயில் அபூர்வமாகக் கிடைக்கும் நாடுகளின் பாஷை அது. நமக்கு நிழல் என்றால் புளியமரம், சத்திரத்துத் திண்ணை. பெரியவர்களுடைய நிழலில் ஒண்டிப் பிழைத்தோம் என்கிறோம். நிழலைப் பார்த்து அவன் ஏன் ஓடுகிறான் என்று மகள் கேட்டது நியாயம்தான். ‘கருப்பு’ என்று மாற்றிச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். ஆனால் அங்கேதான் லெ குவின் வழி மறிக்கிறார். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய ஆத்ம நண்பன் வெட்ச் கருநிறத்தவன். எர்த்ஸீயில் வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் உள்ளவர்கள் கப்பலில் வந்து ஊரைக் கொளுத்துகிற கார்கர்கள். கருப்பைத் தீமைக்கு அடைமொழியாக்க இந்த உலகத்தில் இடமில்லை.

இந்த நிற விஷயத்தை லெ குவின் முதலில் உரக்கச் சொல்லவில்லை. கதைக்குள் வாசகன் நுழைந்து, கெட்டோடு சிநேகமான பிறகு, போகிற போக்கில் சொல்கிறார். வெள்ளைக்கார வாசகன் தன்னைக் கெட்டாக நினைத்துக்கொண்ட பிறகுதான் தான் பழுப்பு நிறத்தவனாகிவிட்டதைக் கண்டுகொள்கிறான். இந்தச் சூட்சுமத்தைப் பல பதிப்புகளின் அட்டை ஓவியங்கள் கெடுத்தன. கெட்டை வெள்ளைக்காரனாக வரைந்தார்கள். 2004-இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலும் அப்படியே; அவர் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். குரலுக்கு அட்டைப்படம் கிடையாது. எங்கள் வீட்டில் கெட் முதல் நாளிலிருந்தே எங்கள் தெருப் பையனின் நிறத்தில் இருந்தான்.

நிழலை நிழல் என்றே விட்டுவிட்டேன். நடந்தது வேறு விதம். ஓடிக்கொண்டிருந்தவனை அவனுடைய குரு ஓகியன் திருப்புகிறார்: துரத்துவதை நீ துரத்து. கடைசியில், வரைபடத்துக்கு அப்பாலான கடலில், கெட்டும் நிழலும் நேருக்கு நேர் நின்று ஒரே சமயத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் கெட்தான். அவன் அதைத் தழுவிக்கொண்டு முழு மனிதனாகிறான். இந்த இடத்துக்கு வந்தபோது தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடப் பொருத்தமாக இருந்தது. நம்மைத் தின்ன வந்ததே நாம் தங்குமிடமாகவும் ஆகக்கூடும் என்கிற இரட்டைப் பொருள் நம் சொல்லுக்குள் முன்பே இருக்கிறது. கதையின் தொடக்கத்தில் தடுக்கிய சொல் முடிவில் தாங்கியது. யுங் என்ற பெயரைக் கொண்டுவந்து இதை விளக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். லெ குவினே 1975-இல் குழந்தையையும் நிழலையும் பற்றி யுங்கின் துணையோடு ஒரு கட்டுரை எழுதினார். அந்த விளக்கம் தவறில்லை. ஆனால் கடலின் நடுவே அந்தக் கணத்தைக் கேட்டு மூச்சடக்கிப் படுத்திருந்த குழந்தைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

*

எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஒன்று புழங்குவதற்கு. மற்றது மெய்ப்பெயர்; அதை அறிந்தவனுக்கு உயிரின் மேல் அதிகாரம் உண்டு. ஆகவே அதை யாரிடமும் சொல்வதில்லை. தன் அகங்காரத்தால் எல்லாவற்றையும் பாழாக்கிக்கொண்டு கெட் ஒடுங்கிக் கிடக்கிறபோது, படிப்பு முடிந்து ஊருக்குப் புறப்படும் வெட்ச் அவனிடம் வந்து, கேட்காமலே தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். இந்த ஆறு புத்தகங்களிலும் இதற்கு இணையான இடம் எனக்கு வேறு தெரியவில்லை. டிராகன் இல்லை, மின்னல் இல்லை. ஒரு பையன் இன்னொரு பையனிடம் ஒரு சொல்லைச் சொல்கிறான். நட்பைப் பற்றி இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது.

லெ குவினின் தகப்பனார் ஆல்ஃப்ரட் க்ரோபர் மானிடவியலாளர். 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில், தன் இனத்தார் எல்லாரும் அழிந்துபோன நிலையில், யானா இந்தியர் ஒருவர் தனியாக வெளியே வந்தார். அவரைச் சான்ஃபிரான்ஸிஸ்கோவின் அருங்காட்சியகத்தில் தங்கவைத்து அவரோடு பழகியவர்களில் க்ரோபர் முக்கியமானவர். தன் பெயரை அந்நியரிடம் சொல்வது அந்த மனிதரின் மரபில் இல்லை. க்ரோபர் அவருக்கு ‘இஷி’ என்று பெயர் வைத்தார். யானா பாஷையில் அதற்கு மனிதன் என்றுதான் அர்த்தம். 1916-இல் காசநோயில் இறக்கும் வரையில் அவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை. லெ குவினின் தாயார் தியடோரா க்ரோபர் 1961-இல் இஷியின் வாழ்க்கையை எழுதினார். எர்த்ஸீயின் மெய்ப்பெயர் இஷியிடமிருந்து வந்தது என்று நான் சூத்திரம் எழுதவில்லை. பெயரை மறைப்பது உலகத்தின் பல மக்களிடம் உண்டு. பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்து எமனை ஏமாற்றியவர்கள் நம்முடைய முன்னோர். புருஷன் பெயர் கொண்ட சாமியின் பெயரைக்கூடத் திரித்தே சொன்ன பாட்டிமார்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் பெயர் தெரியாமலே போன ஒரு மனிதரின் கதையைத் தன் தாயாரே எழுதக் கண்டவருக்குப் பெயர் என்பது வெறும் கதை உத்தியாக இருந்திருக்க முடியாது.

நவீன இலக்கியவாதி இங்கே ஒரு ஆட்சேபம் எழுப்பலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு கிடையாது என்பது ஸொஸ்யூரிலிருந்து நாம் படித்த பாடம். சொல்லே பொருள் என்கிற இந்த மந்திரவாதம் பிற்போக்கான கனவு இல்லையா? கனவுதான். ஆனால் கவிதை எழுதுகிற எவனும் அந்தக் கனவைக் காணாமல் எழுதுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லெ குவின் அந்தக் கனவுக்கு விலை வைக்கிறார். பெயர்களைக் கற்பிக்கும் ஆசிரியரின் கோபுரத்தில் மாணவர்கள் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். கடலுக்கு மந்திரம் போட வேண்டும் என்றால் கடல் என்ற ஒரு பெயர் போதாது. ஒவ்வொரு விரிகுடாவுக்கும் துறைக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள பெயர் தெரிய வேண்டும். யாருக்கும் தெரியாது. ஆகவே மந்திரத்துக்கு எல்லை இருக்கிறது, உலகம் பிழைத்திருக்கிறது. பொதுச்சொல்லால் ஒன்றையும் தொட முடியாது, துல்லியமாகத் தெரிந்த சிறிதைத்தான் தொட முடியும். கவிதை பற்றி இதைவிட உருப்படியான வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது?

*

முதல் புத்தகத்தின் நடுவிலேயே மகள் கேட்டாள்: அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்கள் ஏன் இல்லை? பெண்களின் மந்திரம் பலவீனமானது, பெண்களின் மந்திரம் கெட்டது என்று கோன்ட் தீவில் வழங்குவதாக இரண்டு பழமொழிகள் அந்தப் புத்தகத்திலேயே வருகின்றன. மௌனமாகப் படித்தபோது அவை தீவின் உள்ளூர் வாசனைக்காகப் போட்ட சங்கதி என்று கண் தாண்டிப் போயிருந்தது. ஒரு பெண் குழந்தையின் காதுக்கு அருகே உரக்கச் சொல்லும்போது அவை அப்படிப் போக மறுக்கின்றன. கெட்டுக்கு முதல் மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தவள் கிராமத்துச் சூனியக்காரியான அவனுடைய பெரியம்மா. அவளை அந்த நாவல் ஏளனமாகவே நடத்துகிறது.

மகளின் கேள்வியை லெ குவின் தன்னிடமே கேட்டுக்கொள்ளப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. ‘தெஹானு’ அந்தப் பதில். கல்லறையிலிருந்து தப்பிய டெனார் இப்போது நடுவயது விதவை. குடியானவன் மனைவியாக வாழ்ந்து பிள்ளைகள் பெற்றவள். சொந்த மனிதர்களாலேயே சிதைக்கப்பட்டு நெருப்பில் தள்ளப்பட்ட ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். பெயர் தெர்ரூ. ஒரு பக்க முகம் வெந்து போயிற்று, ஒரு கண் இல்லை. மந்திரத்தையெல்லாம் மூன்றாம் புத்தகத்தில் செலவழித்துவிட்டுக் கெட் வெறும் ஆளாகத் திரும்பி வருகிறான். அவமானத்தால் ஒளிந்துகொள்கிறான். பாத்திரம் கழுவுவதும் ஆடு மேய்ப்பதும்தான் நாவலின் பெரும்பகுதி. வீரகாவிய நடை போய்விட்டது. அடுப்படியில் பேசுகிற குரல் வந்திருக்கிறது. முதல் மூன்றையும் கொண்டாடியவர்கள் பலர் இதைக் கொள்கைப் பிரசாரம் என்றார்கள். வரிசையை உரக்கப் படித்தவன் அப்படிச் சொல்ல முடியாது. முதல் மூன்றிலும் ஓட்டை இருந்தது. குரலில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. நாலாவது புத்தகம் அந்த ஓட்டைக்குள் இருந்துதான் பேசுகிறது.

இதைப் பத்து வயதுக் குழந்தைக்குப் படிக்கலாமா? மூன்றாம் புத்தகத்தோடு நிறுத்தி ஏழு மாதம் காத்திருந்தேன். பிறகு, இதில் ஒரு சிறுமிக்குப் பெரியவர்கள் பெரிய கொடுமை செய்திருக்கிறார்கள், கேட்கிறாயா என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். லெ குவின் அந்தச் செயலைக் காட்டுவதில்லை. அதற்குப் பின் வரும் நாட்களைக் காட்டுகிறார். மகளுக்கு உறைத்ததும் அதுதான். அவளுக்கு என்ன செய்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. இப்போது ஏன் எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். நாவலின் கேள்வியே அது. எனக்கு இந்த நாவலின் முடிவில் திருப்தி இல்லை. டெனாரையும் கெட்டையும் மந்திரத்தால் அடிமைப்படுத்திப் பாறை விளிம்புக்குக் கொண்டுபோகிறான் ஒருவன்; சிறுமி கூப்பிட, கலெஸின் என்ற முதிய டிராகன் பறந்து வந்து எரித்துவிடுகிறது. இருநூறு பக்கம் மனிதர்களின் கையாலாகாத்தனத்தைப் பொறுமையாக எழுதிவிட்டு ஆகாயத்திலிருந்து நீதியை இறக்குவது சுலபமான வழி. மகள் இதை ஏற்கவில்லை. வேற யாரு வருவா அப்பா, என்றாள். இந்தத் தகராறு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

*

கடைசியாகச் சுவர். எர்த்ஸீயில் இறந்தவர்களின் நாடு ஒரு தாழ்ந்த கற்சுவருக்கு அப்பால் இருக்கிறது. வறண்ட சரிவு, மேலே அசையாத நட்சத்திரங்கள், ஊர்கள், தெருக்கள். அங்கே வலி இல்லை. எதுவுமே இல்லை. மூன்றாம் புத்தகத்தில் கெட்டும் அர்ரன் என்ற இளவரசனும் அதற்குள் நடந்து போகிறார்கள். ஒருவரையொருவர் நேசித்து இறந்தவர்கள் அங்கே தெருவில் எதிரெதிரே வந்தும் பார்க்காமல் கடந்து போகிறார்கள். இத்தனை குளிர்ந்த மரண வர்ணனையைக் குழந்தைப் புத்தகத்தில் வேறெங்கும் நான் படித்ததில்லை.

அந்த வருஷம்தான் என் அம்மா காலமாகியிருந்தாள். நம் சடங்குகள் எல்லாம் இறந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்கிற நம்பிக்கையின் மேல் நடக்கின்றன. காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு மகளும் மொட்டைமாடியில் காத்து நின்றிருக்கிறாள். இப்போது அந்த வரி வந்து முன்னால் நிற்கிறது. வாய்விட்டுப் படிப்பவனுக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு வரியை விட்டுவிட்டால் கேட்பவருக்குத் தெரியாது. எந்தத் தணிக்கை அதிகாரிக்கும் இவ்வளவு சுத்தமாக வெட்ட வாய்க்காது. விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு புத்தகங்களாக, சரியான சொல்லைச் சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். வரியைச் சொன்னேன். பாட்டி என்னைப் பார்த்தாலும் தெரியாதா, என்று கேட்டாள். இது லெ குவின் என்கிறவர் யோசித்துப் பார்த்தது, வேறு விதமாகவும் யோசிக்கலாம் என்றேன். வேறு விதமாக அவர் யோசித்தாரா என்று கேட்டாள்.

யோசித்தார். அதற்கு 2001 வரை ஆயிற்று. ‘தி அதர் விண்ட்’ நாவலில், உடைந்த பானைகளை ஒட்டவைக்கிற ஆல்டர் என்ற எளிய மந்திரக்காரன், இறந்துபோன தன் மனைவியைக் கனவில் சுவருக்கு அப்பால் காண்கிறான். அவளும் மற்றவர்களும் தங்களை விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். மரணத்துக்குப் பின்னும் தாங்கள் தாங்களாகவே நீடிக்க வேண்டும் என்று பேராசைப்பட்ட மந்திரவாதிகள் முன்னொரு காலத்தில் கட்டியது அந்தச் சுவர் என்று தெரிய வருகிறது. முதல் புத்தகத்தில் இயற்கையின் நியதி போலக் கிடந்த சுவர் மனிதர்களின் குற்றமாக மாறிவிடுகிறது. கடைசியில் அதைக் கையால் கல் கல்லாகப் பெயர்க்கிறார்கள். இறந்தவர்கள் வெளியே வருகிறார்கள். மண்ணோடும் வெளிச்சத்தோடும் கலந்து இல்லாமல் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற விடுதலை அது.

நாவல் என்ற அளவில் இதில் குறைகள் உண்டு. நடுப்பகுதியில் எல்லாரும் கூடிக்கூடிப் பேசுகிறார்கள். பழைய ஒப்பந்தங்களை விளக்குகிறார்கள். என் குரல் களைத்தது. மகள் தண்ணீர் கேட்டாள். ஒன்பது வரியில் முதல் புத்தகம் முடித்துவிடுகிற காரியத்துக்கு இங்கே ஒன்பது பக்கம் ஆகிறது. வரிசையில் கட்டுக்கோப்பான கலைப்படைப்பு என்று இரண்டாம் புத்தகத்தைத்தான் சொல்வேன். முதலாவது அதைவிட ஆழமானது. ஆறாவது இரண்டுக்கும் கீழே. ஆனால் சுவர் விழுகிற அத்தியாயத்தில் குரலுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. சொல்லி முடித்ததும் மகள் பாட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த வறண்ட நாடு லெ குவினின் கற்பனையில் எழுந்த மிக வலுவான படிமங்களில் ஒன்று. அது வருகிற ‘த ஃபார்த்தஸ்ட் ஷோர்’ 1973-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைக் குழந்தை இலக்கியப் பிரிவில் வாங்கியது. வாங்கிய பெயரோடு சும்மா இருந்திருக்கலாம். எழுபதைக் கடந்த வயதில், பழைய கதையை மறுத்து எழுதாமல், அதில் ஒரு வரியையும் திருத்தாமல், அதே சுவரிடம் திரும்பிப் போய்க் கல்லைப் பெயர்த்தார். முன்பு எழுதியதை மறைக்கவும் இல்லை, அதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. முதல் புத்தகம் முதல் புத்தகமாகவே இருக்கிறது. ஆறாவது அதோடு வாதாடுகிறது. 2018-இல் அவர் இறந்தார். அதே வருஷம் ஆறும் ஒரே பெரிய தொகுதியாக வந்தன. வாதத்தின் இரண்டு தரப்பும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.

நம்மிடையே இது அபூர்வம். இருபத்தைந்து வயதில் ஒரு அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு அறுபது வரையில் அதற்குக் காவல் காக்கிறவர்களை நமக்குத் தெரியும். இல்லாவிட்டால் பழைய கட்டுரையைத் தொகுப்பிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறவர்கள். தன் படைப்போடு தானே, படைப்பின் மூலமாகவே, சண்டை போடுகிறவன் என்று யாரைக் காட்ட முடியும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். இந்தக் காரியத்தை ஒரு எழுத்தாளர் குழந்தைகளுக்கான கதை என்று நாம் ஒதுக்கிய இடத்தில் இருந்துகொண்டு செய்திருக்கிறார். அங்கே கேட்பவர்கள் கேள்வி கேட்டார்கள் என்பதுதான் காரணமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.